சிபாரிசு: உயர் நீதிமன்றம்

இலங்கைப் பொலிஸுக்குத் திறமை போதாது என்று சொல்பவர்கள் அதன் வரலாற்றைப் படிக்காதவர்கள். ரயில் பிந்தும், தபால் தொலையும், ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்திருக்கும். பொலிஸ் திணைக்களம் மட்டும் எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வேலையை 160 வருடமாகப் பிசகாமல் செய்துவருகிறது. எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதில்தான் அதற்கும் நமக்கும் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

1860களில் உத்துவன்கந்தைச் சரதியல் என்றொரு கள்ளன் கொழும்பு - கண்டி வீதியை ஆண்டுகொண்டிருந்தான். சனங்களின் கதையில் அவன் பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன். கோப்பித் தோட்டத் துரைமாரின் கதையில் இந்தப் பிற்பாதி கிடையாது. 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவனைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் என்ற கான்ஸ்டபிள் சூடுபட்டு இறந்தார். மே 7ஆம் திகதி சரதியலைக் கண்டியில் தூக்கில் போட்டார்கள். அடுத்த வருடமே 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்டம்பர் 3ஆம் திகதி, பம்பாய் மாகாணத்து ரத்னகிரியில் கைபழகிய வில்லியம் றொபேட் காம்பெல் துரை வந்து பொறுப்பேற்றார். வீதியில் போகும் துரையின் பணப்பெட்டிக்குக் காவல். வீதியோரம் நிற்கும் சனத்தின்மேல் கண். இவ்வளவுதான் உத்தியோக விவரம்.

அந்த 1865ஆம் வருடச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அது எழுதப்பட்டபோது இலங்கையில் தேயிலைத் தோட்டமே கிடையாது. சுதந்திரம் வாங்கிய பிறகு மூன்று அரசியலமைப்புகளைப் பார்த்துவிட்டோம். இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட மட்டும் எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன பொருட்களிலே இதுதான் அவர்கள் கைக்கு மிகவும் அடங்கிய பொருள்.

அதைக் கூர் தீட்டித் தந்தவர் ஹேர்பேட் டௌபிகின். 1913 முதல் 1937 வரை, 24 வருடம் பொலிஸ் மா அதிபர். 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் வந்தபோது இராணுவச் சட்டத்தின் நிழலில் சனங்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைச் சிங்களக் கிராமங்கள் நெடுங்காலம் பேசின. 1930இல் பலஸ்தீனத்துப் பொலிஸை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல அவரைத்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் தேயிலையையும் கறுவாவையும் மட்டும் ஏற்றுமதி செய்த நாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனித் திணைக்களத்தின் அமைப்பு. அடியில் கான்ஸ்டபிள், அதற்கு மேல் சார்ஜன்ட், உப பரிசோதகர், பரிசோதகர், பிரதான பரிசோதகர், உதவி அத்தியட்சகர், அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், உச்சியில் பொலிஸ் மா அதிபர். இது சுவரில் தொங்கும் படம். நடப்பில் உச்சிக்கு மேலே இன்னும் ஒரு படி உண்டு. அதற்குச் சீருடை இல்லை, கைத்தொலைபேசி உண்டு. 2016இல் இரத்தினபுரியில் ஒரு பொது நிகழ்ச்சி. பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தர மேடையில் இருக்கிறார், அழைப்பு வருகிறது. ஒரு நிலமேயை இப்போதைக்குக் கைதுசெய்ய மாட்டார்கள் என்று மறுமுனையில் இருந்த ‘சேர்’ ஒருவருக்கு உறுதி சொல்கிறார். பக்கத்தில் ஊடகக்காரர்களின் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ‘சேர்’ யார் என்று நாடு கொஞ்ச நாள் கேட்டது. மா அதிபருக்கும் ஒரு மா அதிபர் இருக்கிறார் என்பதை நாட்டு மக்களுக்கு நேரடி ஒலிபரப்பாகக் கற்பித்த அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

சுயாதீனப் பொலிஸ் ஆணைக்குழு என்று ஒன்றும் உண்டு. 2001இல் 17ஆவது திருத்தம் அதைப் பெற்றெடுத்தது. 2010இல் 18ஆவது திருத்தம் பல்லைப் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் பல் கட்டிக்கொடுத்தது. 2020இல் 20ஆவது வந்து மறுபடி பிடுங்கியது. 2022இல் 21ஆவது மறுபடி கட்டியது. எதிர்க்கட்சி வாங்கில் இருக்கும்வரை எல்லாருக்கும் சுயாதீனம் வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் எழுதித் தந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் எவரும் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நாடு உடைந்துவிடுமாம். இப்போது ஒட்டியிருப்பது எந்தப் பசையால் என்று தெரியவேண்டுமானால் மேலே வாசியுங்கள்.

இந்தத் திணைக்களத்தில் பதவி உயர்வுக்கு எழுதாத விதி ஒன்று இருக்கிறது. 1982 டிசம்பரில் ஜே.ஆர். ஜயவர்தனா தேர்தலைத் தள்ளிப்போட மக்கள் தீர்ப்பு நடத்தினார். அதற்கெதிராகப் பிக்குகளும் பாதிரிமாரும் சேர்ந்து துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். கம்பஹாவின் பொலிஸ் அத்தியட்சகர் உடுகம்பொல அச்சகத்துக்குப் போய்ப் பிரசுரங்களை அள்ளிக்கொண்டு வந்தார். இது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 1983இல் தீர்ப்புச் சொல்லி, 10,000 ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அரசாங்கம் என்ன செய்தது? காசை அரசாங்கமே கட்டியது. உடுகம்பொலவுக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

அதே வருடம் மார்ச் 8, மகளிர் தினம். கொழும்பில் ஊர்வலம் போய்த் திரும்பியவர்களில் ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போக, ஏனென்று கேட்கக் கொள்ளுப்பிட்டி நிலையத்துக்குப் போனார் விவியன் குணவர்தன. இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவி, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். அங்கே அவர் தாக்கப்பட்டார். அவரைக் கைது செய்தது சட்டவிரோதம் என்று ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. சம்பந்தப்பட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு உடனடியாகப் பதவி உயர்வு. அதோடு நிற்கவில்லை. தீர்ப்புச் சொன்ன நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் காடையர் கூட்டம் போய் நின்று தூஷணம் பேசியது. நீதியரசர்கள் பொலிஸை அழைத்தார்கள். பொலிஸ் வரவில்லை. வந்திருந்தால் அவர்களும் பதவி உயர்வை இழந்திருப்பார்கள், பாவம்.

அன்றிலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒரு பொலிஸ் அதிகாரிக்குத் தண்டனைப் பத்திரம் அல்ல, சிபாரிசுக் கடிதம். உடுகம்பொல பிரதிப் பொலிஸ் மா அதிபர்வரை போனார். 1992இல் பிரேமதாசவோடு பகைத்துக்கொண்டு, அரசின் கொலைக் குழுக்களைப் பற்றி வாய் திறந்துவிட்டு இந்தியாவுக்கு ஓடினார். பிறகு சமாதானமாகித் திரும்பிவந்தபோது துறைமுக அதிகாரசபையில் ஒரு நாற்காலி காத்திருந்தது. 2011 மே மாதம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் தங்கள் ஓய்வூதியத்தில் கைவைக்கும் சட்டமூலத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். பொலிஸ் சுட்டது, ஒரு இளம் தொழிலாளி செத்தான். பொலிஸ் மா அதிபர் மகிந்த பாலசூரிய பொறுப்பேற்று விலகினார். அடடா, என்ன நாகரிகம் என்று கண்ணைத் துடைப்பதற்குள் அவரைப் பிரேசிலுக்குத் தூதுவராக அனுப்பிவைத்தார்கள்.

எதிர்த்திசையிலும் விதி சுத்தமாக வேலை செய்கிறது. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சொன்ன ஒரு காரியம் சட்டத்துக்குப் புறம்பானது என்று மறுத்தார் மா அதிபர் ஒஸ்மண்ட் டி சில்வா. வீட்டுக்கு அனுப்பினார்கள், பொலிஸ் வேலையே பார்த்திராத ஒரு சிவில் சேவை அதிகாரி அந்தக் கதிரையில் இருந்தார். சி.ஐ.டி. பணிப்பாளர் ஷானி அபேசேகர பெரிய இடத்துக் கொலைகளையும் ஆட்கடத்தல்களையும் துருவினவர். 2019 நவம்பரில் கோட்டாபய வென்ற சூட்டோடு காலிக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்த ஜூலையில் கைது. பத்து மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்து கொரோனாவும் வாங்கினார். அவரோடு வேலை செய்த இன்ஸ்பெக்டர் ஒருவர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். தமிழர்தான் அகதியாகப் போவார்கள் என்றிருந்த இந்த நாட்டில், வழக்கைச் சரியாக விசாரித்த சிங்களப் பொலிஸ் அதிகாரியும் அகதியானார். இன ஒற்றுமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்தத் திணைக்களத்தின் சேவை தனி ரகம். 1974 ஜனவரி 10, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவு. வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் திறந்த வெளியில் சனம் நிறைந்திருந்து பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. பொலிஸ் கண்ணீர்ப்புகையும் துப்பாக்கியுமாக இறங்கியது. மின்கம்பி அறுந்து விழுந்து தமிழ் கேட்க வந்த சனங்கள் செத்தார்கள். 1981 மே 31 இரவு, தேர்தல் பாதுகாப்புக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்து குவித்திருந்த பொலிஸார் நகரத்தில் இறங்கினார்கள். பொலிஸார் சுடப்பட்டதற்குப் பழிவாங்கலாம் அது. ஈழநாடு பத்திரிகை அலுவலகம், தமிழர் விடுதலைக் கூட்டணிச் செயலகம், எம்.பி. யோகேஸ்வரனின் வீடு, கடைத்தெரு. பிறகு 97,000 நூல்களோடு பொது நூலகம். சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்கள் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தார்கள். பொலிஸாரைச் சுட்டது ஓலைச்சுவடி என்று எந்த விசாரணையிலும் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நூலகத்தை எரித்தவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

தமிழனுக்குப் பொலிஸில் உயரமுடியாது என்பதும் வீண் பழி. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளை வாக்காளர் இடாப்பு வைத்துத் தேடித் தேடி எரித்தபோது, பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா ராஜசிங்கம். தலை தமிழ். கை கால்கள் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றன.

2009 ஒக்டோபர், போர் முடிந்து ஐந்து மாதம். பம்பலப்பிட்டிக் கடற்கரை. மனநிலை சரியில்லாத ஒரு தமிழ் இளைஞன் வாகனங்களுக்குக் கல்லெறிந்தான் என்று துரத்துகிறார்கள். அவன் கடலுக்குள் இறங்குகிறான். தடிகளோடு இருவர் பின்னால் இறங்குகிறார்கள், அதில் ஒருவர் பொலிஸ்காரர். கரையேற விடாமல் அடிக்கிறார்கள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறான். திரும்பவும் அடி விழுகிறது, திரும்பவும் கும்பிடுகிறான். கரையில் நிறையப் பேர். பட்டப்பகல். தொலைக்காட்சிக் கமரா எல்லாவற்றையும் எடுத்தது. அடுத்த நாள் உடல் ஒதுங்கியது. இலங்கைப் பொலிஸின் இலச்சினையில் இருக்கும் பாளி வாசகத்தின் பொருள், அறவழி நடப்பவனை அறம் காக்கும் என்பது. பொலிஸ் காக்கும் என்று அவர்கள் ஒருபோதும் எழுதித் தரவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

திணைக்களத்துக்கு இலக்கிய முகமும் உண்டு. கைதான ஆள் ஒளித்துவைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்காக நடுச்சாமத்தில் அழைத்துச் செல்லப்படுகிறார். போன இடத்தில் திடீரென்று துப்பாக்கி எடுக்கிறார், இல்லாவிட்டால் குண்டு எறிகிறார், அதுவுமில்லாவிட்டால் எதிராளிகள் வந்து சுடுகிறார்கள். முடிவில் கைதி சாவார். அதிகாரி ஒருவருக்குச் சிறு காயம். டுபாயில் பிடித்துக் கொண்டுவந்த மாகந்துரே மதுஷ் 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில் இந்தக் கதையில்தான் முடிந்தார். அவர் நல்லவர் அல்ல. ஆனால் அவர் உயிரோடு நீதிமன்றம் ஏறிப் பேசியிருந்தால் எந்தெந்த நல்லவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று யோசிக்க எவருக்கும் உரிமை உண்டு. வாசகனாக என் குறை ஒன்றுதான்: இத்தனை வருடமாகியும் கதையில் ஒரு வரியாவது மாற்றக்கூடாதா? 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிடியில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது செத்தார்கள். முதலில் விபத்து என்றது பொலிஸ். உடலில் துப்பாக்கிச் சூடு இருந்தது. வகையை மாற்றியவுடன் கதை பிடிபட்டுவிட்டது. அதனால்தான் பழைய கதையையே நம்பியிருக்கிறார்கள் போலும்.

மேலே சொன்ன பூஜித ஜயசுந்தர ஆன்மீகத்தில் நாட்டமுள்ளவர். பொலிஸ் தலைமையகத்தில் தியான வகுப்பு நடத்துவித்தார். அதற்கு வரவில்லை என்பதற்காக லிப்ட் இயக்கும் ஊழியரைப் பிடித்து உலுக்கிய காட்சி கமராவில் பதிந்து நாடு முழுக்க ஓடியது. லிப்ட்காரனின் மன அமைதியில் இவ்வளவு அக்கறை கொண்ட அதே தலைமையகத்துக்கு, 2019 ஏப்ரல் மாதம் தேவாலயங்களில் குண்டு வெடிக்கப்போகிறது என்று பெயர் விவரத்தோடு தகவல் வந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி கடிதமும் போனது. அதில் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் பெயர் இருந்தது. கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு யாத்திரை போனது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாயும் ஜயசுந்தரவை 75 மில்லியன் ரூபாயும் கட்டச் சொன்னது. மட்டக்களப்பில் செத்த பிள்ளைகளுக்குத் தியானம் தெரிந்திருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

2020இல் முதன்முறையாக ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரானார். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1952இல்; 68 வருடம் ஒன்றும் அவசரமில்லை. உடனே ஆண் அதிகாரிகள் ஒரு கூட்டமாக உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள், தங்கள் அடிப்படை உரிமை போய்விட்டதென்று. அந்த மன்றத்தின்பேரில் இவர்களுக்கு இவ்வளவு விசுவாசம் இருப்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

கடைசியாக, விதியின் உச்ச சாதனை. 2010இல் மிரிஹானைப் பொலிஸ் ஒரு முன்னாள் சிப்பாயைக் களவுச் சந்தேகத்தில் பிடித்தது. நிர்வாணமாக்கி அடித்து, மறைவிடத்தில் எரிச்சல் தைலம் தடவியது. அப்போது அங்கே மேலதிகாரி தேசபந்து தென்னகோன். 2023 டிசம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரைச் சித்திரவதைக்குப் பொறுப்பாளி என்று கண்டு, 5 இலட்சம் ரூபாய் கட்டச் சொல்லி, ஒழுக்காற்று நடவடிக்கையும் எடுக்கச் சொன்னது. ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இந்தச் சிபாரிசைக் கவனமாக வாசித்திருக்க வேண்டும். பதில் கடமையில் இருந்தவரை 2024 பெப்ரவரியில் நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கினார். அரசியலமைப்புப் பேரவையில் ஆதரவு 4, எதிர்ப்பு 2, இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. போதாக்குறைக்குச் சபாநாயகர் தன் வாக்கைப் போட்டு நிரப்பினார். தீர்ப்புக்கும் நாற்காலிக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

அந்தக் காலத்தில் ‘யுக்திய’ என்று போதைப்பொருளுக்கெதிராக ஒரு நடவடிக்கை. ஆயிரக்கணக்கில் ஏழைகளின் கதவுகள் அதிகாலையில் திறக்கப்பட்டன. பின்னால் தொலைக்காட்சிக் கமரா. 2023 டிசம்பர் 31, வெலிகமவில் ஒரு ஹோட்டலுக்குக் கொழும்புக் குற்றப் பிரிவுக் குழு வானில் போனது. அந்த ஊர்ப் பொலிஸுக்கு யாரும் சொல்லவில்லை. பொலிஸும் பொலிஸும் சுட்டுக்கொண்டதில் ஒரு சார்ஜன்ட் செத்தார். 2025 பெப்ரவரி கடைசியில் இந்த வழக்கில் மாத்தறை நீதவான் தென்னகோனைப் பிடிக்கச் சொன்னார். அவரைக் காணவில்லை! முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினதற்காக 2024 மே மாதம் சம்பூரில் இரவோடிரவாகப் பெண்களை வீடு தேடிப்போய்ப் பிடித்த பொலிஸ், ஒரு முகநூல் பதிவுக்கு மறுநாளே வாசலில் ஜீப்பை நிறுத்தும் பொலிஸ், மூன்று வாரமாகத் தன் தலைவனைத் தேடிக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டைச் சோதித்ததில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மதுபானப் போத்தல்கள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. மார்ச் 19ஆம் திகதி தானே நீதிமன்றத்துக்கு நடந்து வந்தார். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அவரை அந்த நாற்காலியில் இருத்தியவர்கள் எங்கே போனார்கள் என்று தேட இன்னொரு பொலிஸ் குழு வேண்டும்.

இனி எல்லாம் சரி, புதிய ஆட்சி, புதிய மா அதிபர் என்கிறார்கள். சந்தோஷம். நாளை காலை வடக்கில் ஏதாவது ஒரு நிலையத்துக்குப் போய்ச் சைக்கிள் களவுபோனதென்று முறைப்பாடு கொடுத்துப் பாருங்கள். பச்சைப் பெயின்ட் வாங்கில் ஒன்றரை மணி நேரம் இருத்துவார்கள். தமிழ் தெரிந்தவர் லீவு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நீங்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டு, பெரிய புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிங்களத்தில் எழுதுவார். நீங்கள் சொன்னது நாலு வசனம். புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைப்பார்.

“என்ன எழுதியிருக்கு ஐயா?”

“நீங்க சொன்னதுதான். சைன் பண்ணுங்க.”

போடுவீர்கள். வேறு என்ன செய்வது? எழும்பும்போது அவர் பேனையை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்பார்:

“சைக்கிள் பாப்போம் ஐயா. போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அதிலயா போனது? அங்க பேசினது யாரு?”